லோகோவில் நிற்கும் பழைய டேப்: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபர்ம்வேர் போடும் முறை

ஆன் செய்தால் சாம்சங் என்ற எழுத்து வரும், மறையும், மறுபடி வரும். அதற்கு மேல் போகாது. கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியதோ, வளைகுடாவில் இருந்து லீவுக்கு வந்த மாமா கொண்டுவந்ததோ, குமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரிகளில் இப்படி ஒரு டேப் கிடக்கும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் காட்டினால் "சாஃப்ட்வேர் போடணும்" என்பார்கள். அவர்கள் சொல்லும் சாஃப்ட்வேர்தான் ஃபர்ம்வேர். டேப்பின் ஆண்ட்ராய்டு, அதை எழுப்பும் பூட்லோடர், சிம் வேலை செய்வதற்கான மோடம் பகுதி எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு அது.

விண்டோஸ் கம்ப்யூட்டரும் நல்ல கேபிளும் இருந்தால் இதை வீட்டிலேயே போடலாம். பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும். ஃபர்ம்வேரை டேப்புக்குள் எழுதும் வேலை பத்து நிமிடம்தான். அதற்கு ஒருக்கும் வேலை அரை நாள் பிடிக்கும். காரியம் கெடுவதும் பெரும்பாலும் அந்த அரை நாளில்தான்.

இங்கே எடுத்துக்காட்டாக வருவது 2016இல் வந்த கேலக்ஸி டேப் ஏ 10.1, சிம் போடும் வகை, மாடல் எஸ்எம்-டி585. நடுவில் ஹோம் பட்டன் உள்ள மற்ற பழைய சாம்சங் டேப்புகளுக்கும் முறை இதேதான். இதற்குப் பயன்படும் ஓடின் என்ற மென்பொருள் வேறு கம்பெனி டேப்புக்குப் பொருந்தாது.

நோய் ஃபர்ம்வேரில்தானா?

மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிவிட்டு ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். கெட்டுப்போன மெமரி கார்டு ஒன்றே டேப்பை லோகோவில் நிறுத்திவைக்கும்.

அடுத்து, பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். திரை ஒரு பக்கம் எழும்பியிருந்தாலோ பின்மூடி புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடவும் கூடாது, அழுத்தவும் கூடாது; பேட்டரியை மாற்றிய பிறகே மற்ற பேச்சு.

இனி டவுன்லோட் மோட். இது ஆண்ட்ராய்டு தொடங்கும் முன்பே, பூட்லோடர் மட்டும் ஓடும் நிலை. டேப்பை முழுதாக அணைத்துவிட்டு, பவர், ஹோம், வால்யூம் குறைக்கும் பட்டன் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். எச்சரிக்கைத் திரை வந்ததும் விட்டுவிட்டு, வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். 'டவுன்லோடிங்' என்ற எழுத்து வரும். ஹோம் பட்டன் இல்லாத பிந்தைய மாடல்களில், உதாரணமாக 2019இன் டி295இல், அணைத்த நிலையில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டரோடு இணைந்த கேபிளைச் செருக வேண்டும்.

இந்தத் திரையில் டேப்பை ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவையுங்கள். பலர் செய்யாத சோதனை இது. ஆண்ட்ராய்டு ஓடாத இந்த நிலையிலும் டேப் தானாக அணைந்தால் குற்றம் ஃபர்ம்வேரில் இல்லை. சில விநாடிக்கு ஒரு முறை சீராக மறுபடி மறுபடி தொடங்கினால் பவர் பட்டன் உள்ளே அழுந்திச் சிக்கியிருக்கிறது. சார்ஜர் மாட்டினால் நிற்கிறது, கழற்றினால் அணைகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. ஐந்து நிமிடமும் அசையாமல் நின்றால் மட்டும் மேலே போகலாம்.

அதே திரையின் மூலையில் உள்ள பொடி எழுத்துகளை இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'புராடக்ட் நேம்' என்ற வரியில் உள்ளதுதான் உண்மையான மாடல் எண். பின்பக்கத்து எழுத்து தேய்ந்திருக்கலாம், மூடியே வேறு டேப்பினுடையதாகவும் இருக்கலாம். 'எஃப்ஆர்பி லாக்' என்ற வரி ஆன் என்று காட்டினால் டேப்பில் ஒரு கூகுள் கணக்கு பூட்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்த பாதுகாப்பு இது. ஃபர்ம்வேர் போட்டாலும் இந்தப் பூட்டு போகாது. எழுந்ததும் பழைய கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்கும். பழையதாக வாங்கிய டேப் என்றால், விற்றவரிடம் இதை முதலில் பேசி முடியுங்கள்.

டவுன்லோட் மோடில் இருந்து வெளியே வர, பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பத்து விநாடி சேர்த்துப் பிடித்தால் போதும்.

ஃபர்ம்வேர் போடும் முன் ரெக்கவரி என்னும் பழுதுபார்ப்பு மெனுவையும் பார்த்துவிடுங்கள். பவர், ஹோம், வால்யூம் கூட்டும் பட்டன் மூன்றையும் பிடித்தால் அது வரும். 'வைப் கேச் பார்ட்டிஷன்' தற்காலிக ஃபைல்களை மட்டும்தான் அழிக்கும், படங்களைத் தொடாது, ஆகவே தயங்காமல் செய்யலாம். 'ஃபேக்டரி ரீசெட்' எல்லாப் படங்களையும் அழித்துவிடும். பிள்ளைகளின் பழைய படங்கள் உள்ளே இருக்கின்றன என்றால் அதைத் தொடாதீர்கள். தரவை அழிக்காமல் ஃபர்ம்வேர் போட ஒரு வழி கீழே வருகிறது. ரெக்கவரியின் மேல்வரிகளில் இப்போதுள்ள ஃபர்ம்வேரின் எண் இருக்கும். அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றும் கேபிளும்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் டேப்பின் மைக்ரோ யுஎஸ்பி துளைக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் செம்பு அரித்திருக்கிறது. அந்தத் துளையில் ஐந்து கம்பிமுனைகள் உண்டு. மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு, ஐந்தாவது, பென்டிரைவை நேரடியாக இணைக்கும் ஓடிஜி போன்ற இணைப்புகளை அடையாளம் காண. தரவு முனை அரித்துப் போனாலும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். "சார்ஜ் ஏறுதே, கேபிள் நல்லாத்தானே இருக்கு" என்ற வாதம் அதனால் செல்லாது.

டேப்பை அணைத்துவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பல்துலக்கியால் துளையைப் பையத் தேயுங்கள். அரை மணி நேரம் காயவிடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்; நடுவில் உள்ள நாக்கு ஒடிந்தால் துளையையே மாற்ற வேண்டிவரும்.

கேபிளிலும் ஏமாற்று உண்டு. மலிவான பல கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டும்தான் இருக்கும். சோதிக்க எளிய வழி: வேலை செய்யும் வேறு போனை அதே கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, 500 எம்பி அளவுள்ள ஒரு வீடியோவை மாற்றிப் பாருங்கள். இடையில் அறுபடாமல் போனால் அது போதும். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். 2012இன் கேலக்ஸி டேப் 2 வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோ யுஎஸ்பி உதவாது. அதற்குச் சாம்சங்கின் அகலமான 30 முனைக் கேபிள் தேவை. ஆப்பிளின் பழைய கேபிள் பார்க்க அப்படியே இருந்தாலும் அது வேறு.

சரியான ஃபைல்

இணையத்தில் தேடினால் நூறு இடங்களில் ஃபைல் கிடைக்கும். பொருத்தமானது எது என்பதை மூன்று செய்திகள் தீர்மானிக்கும்.

ஒன்று, மாடல் எண். டி585 சிம் உள்ளது, டி580 வைஃபை மட்டும் உள்ளது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் ஃபைலை மற்றொன்றில் போடக் கூடாது.

இரண்டு, சிஎஸ்சி எனப்படும் நாட்டுக் குறி. இந்தியாவுக்கு ஐஎன்எஸ், அமீரகத்துக்கு எக்ஸ்எஸ்ஜி, சவுதிக்கு கேஎஸ்ஏ. நம் மாவட்டத்தில் இது பெயரளவுக் கேள்வி அல்ல, ஏனென்றால் பல டேப்புகள் துபாயில் இருந்தோ தம்மாமில் இருந்தோ வந்தவை. எந்த நாட்டில் வாங்கியதோ அந்த நாட்டுக் குறியிலேயே போடுவது முதல் முயற்சிக்குப் பாதுகாப்பு. மாடல் எண் ஒன்றேயாக இருந்தால் இந்திய ஃபைலும் பெரும்பாலும் ஏறும். ஆனால் அது டேப் எழுந்த பிறகு செய்யும் அலங்கார வேலை. விழுந்து கிடக்கும்போது செய்ய வேண்டியது அல்ல.

மூன்று, பூட்லோடர் எண். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ரெக்கவரியில் படம் எடுத்த ஃபர்ம்வேர் எண் டி585 எக்ஸ்எக்ஸ் யு4 சிஎஸ்சி1 என்பது போல இருக்கும் (இதில் வரும் சிஎஸ்சி நாட்டுக் குறி அல்ல, தற்செயலாக அமைந்த எழுத்துகள்). கடைசியில் இருந்து எண்ணுங்கள். கடைசி எழுத்து அந்த மாதத்தில் எத்தனையாவது வெளியீடு என்பது. அதற்கு முன்னது மாதம்: ஏ என்றால் ஜனவரி, சி என்றால் மார்ச். அதற்கு முன்னது ஆண்டு: கியூ 2017, ஆர் 2018, எஸ் 2019. அதற்கும் முன்னது ஆண்ட்ராய்டின் பெரிய பதிப்பு. கடைசியில் இருந்து ஐந்தாவது, இங்கே 4, பூட்லோடர் எண். போடப்போகும் ஃபைலில் இந்த எண் 4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 3 என்றால் டேப் மறுத்துவிடும். "பழைய ஆண்ட்ராய்டுதான் வேகமாக ஓடும்" என்று பின்னோக்கிப் போக நினைப்பவர்கள் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில். 2012, 2013 மாடல்களில் எண் அமைப்பு வேறு. அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

ஃபைல் எடுக்க, சாம்சங் சர்வரில் இருந்தே நேரடியாக இறக்கும் ஃப்ரிஜா போன்ற சிறு மென்பொருள்கள் உண்டு. மாடல் எண்ணும் சிஎஸ்சியும் கொடுக்க வேண்டும். டேப்பின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயும் கேட்கலாம். சாம்மொபைல் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும், வேகம்தான் குறைவு. அளவு ஒன்று முதல் இரண்டு ஜிபி. பாஸ்வேர்டுக்குப் பணம் கேட்கும் ஜிப் ஃபைல்களை விட்டு விலகுங்கள். இறக்கியதை செவன்-ஜிப்பில் திறந்து 'டெஸ்ட்' செய்து பாருங்கள். பிழை காட்டினால் மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை.

விரித்தால் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி என்று தொடங்கும் ஐந்து ஃபைல்கள் இருக்கும். பிஎல் பூட்லோடர், ஏபி ஆண்ட்ராய்டு, சிபி மோடம். கடைசி இரண்டில் ஒன்றை மட்டுமே போட வேண்டும். சிஎஸ்சி போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். ஹோம் சிஎஸ்சி போட்டால் படங்கள் தங்கும். படங்கள் வேண்டும் என்றால் முதலில் ஹோம் சிஎஸ்சி. அதிலும் லோகோவிலேயே நின்றால், மனதைத் தேற்றிக்கொண்டு சிஎஸ்சி. பழைய மாடல்களில் எல்லாம் சேர்ந்த ஒரே ஃபைலாகவும் வரும், அது ஏபி கட்டத்துக்கு உரியது. வைஃபை மட்டும் உள்ளவற்றில் சிபி ஃபைல் இல்லாமல் இருக்கலாம்.

கம்ப்யூட்டரை ஒருக்குவது

எழுதும் மென்பொருளின் பெயர் ஓடின். சாம்சங்கின் சர்வீஸ் சென்டர்களுக்காக ஆனது, வெளியே கசிந்து பரவியது. அதனால் போலிகளும் உண்டு. இறக்கிய ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். 3.13க்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தையவற்றுக்கு எல்இசட்4 முறையில் சுருக்கிய புதிய ஃபைல்கள் புரியாது. 2013க்கு முந்தைய டேப்புகளுக்கு 3.07 அல்லது 3.09 ஒத்துப்போகும், 3.07இல் ஏபி கட்டத்துக்குப் பெயர் பிடிஏ.

சாம்சங் யுஎஸ்பி டிரைவரை நிறுவி, கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சாம்சங்கின் கம்ப்யூட்டர் மென்பொருள்களான கீஸ் அல்லது ஸ்மார்ட் ஸ்விட்ச் இருந்தால் முழுதாக மூடுங்கள், கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து ஓடுவதையும் சேர்த்து. அவையும் ஓடினும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடும். ஃபைல்களை சி டிரைவில் இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டரில் வையுங்கள். எட்டு ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் தீராது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும், இரண்டு பருவமழையும் பார்க்கும் ஊர் இது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப்பும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பும் ஒன்றுதான். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால், மாறும் அந்தக் கண நேரத்தில் டெஸ்க்டாப் அணைகிறதா என்று முதலில் மெயினை அணைத்துச் சோதியுங்கள். டேப்பில் ஐம்பது சதவீதம் சார்ஜ் வேண்டும். இதன் பேட்டரி 7300 எம்ஏஎச். இரண்டு ஆம்பியர் சார்ஜரில் அணைத்த நிலையில் மூன்று மணி நேரமாவது போடுங்கள். டவுன்லோட் மோடில் இருக்கும்போது சார்ஜ் ஏறும் என்று நம்ப வேண்டாம்.

எழுதும் வரிசை

1. ஓடினை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். டேப் இன்னும் இணைக்கப்படவில்லை.

2. ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஆட்டோ ரீபூட்', 'எஃப் ரீசெட் டைம்' இரண்டில் மட்டும் டிக் இருக்க வேண்டும். 'ரீ-பார்ட்டிஷன்', 'நேண்ட் எரேஸ்' இரண்டையும் தொடக் கூடாது. ஐஎம்இஐ எண் தங்கியிருக்கும் பகுதிக்கே கேடு வரும் இடம் அது.

3. பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி கட்டங்களில் அந்தந்த ஃபைலைக் கொடுக்கவும். ஏபி கொடுத்ததும் ஓடின் ஓரிரு நிமிடம் உறைந்து நிற்கும். ஃபைல் முழுதாக இருக்கிறதா என்று காட்டும் எம்டி5 கணக்கைச் சரிபார்க்கிறது. வெப்ராளப்பட்டு மூடிவிடாதீர்கள்.

4. டேப்பை டவுன்லோட் மோடில் வைத்து, லேப்டாப்பின் யுஎஸ்பி 2.0 துளையில், அதாவது உள்ளே நீலமாக இல்லாததில், நேரடியாகச் செருகவும். ஹப் வேண்டாம். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத் துளை. மேலே ஒரு கட்டம் நீலமாகி காம் எண் தெரியும், கீழே 'ஆடெட்' என்று வரும்.

5. 'ஸ்டார்ட்'. இனிக் கேபிளையோ டேப்பையோ அசைக்கக் கூடாது. முதல் சில விநாடிகளில் பூட்லோடர் எழுதப்படும். ஆபத்து முழுதும் அந்த விநாடிகளில்தான். பிறகு 'சிஸ்டம்' என்ற பெரிய பகுதி, ஐந்து நிமிடம் வரை பிடிக்கலாம்.

6. பச்சைக் கட்டத்தில் 'பாஸ்' வந்து, டேப் தானாக ரீஸ்டார்ட் ஆனதும் கேபிளைக் கழற்றலாம். முதல் தடவை எழுவதற்குப் பத்து பதினைந்து நிமிடம் ஆகும், டேப் சுடும். இருபது நிமிடம் கடந்தும் லோகோவிலேயே நின்றால் ரெக்கவரிக்குப் போய் ஃபேக்டரி ரீசெட். ஹோம் சிஎஸ்சி போட்டவர்கள் அங்கே ஒரு கணம் யோசித்துக்கொள்ளவும், படங்கள் போகும்.

சிவப்பு வந்தால்

'ஆடெட்' என்று வரவே இல்லை என்றால் கேபிள், துளை, டிரைவர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர். எதுவுமே தெரியவில்லை, இணைக்கும் சத்தம் கூட வரவில்லை என்றால் கேபிள் அல்லது அரித்த துளை.

'செட்டப் கனெக்ஷன்' என்ற வரியில் நின்றால் டேப்பை டவுன்லோட் மோடில் இருந்து எடுத்து மறுபடி வைத்து, வேறு துளையில் செருகுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும். 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று டேப் திரையில் சிவப்பாக வந்து, டிவைஸ் 4, பைனரி 3 என்று எண்கள் காட்டினால் அது முன்பு சொன்ன பூட்லோடர் எண். உயர்ந்த எண்ணுள்ள ஃபைல் தேடுங்கள். 'எம்டி5 இன்வேலிட்' என்றால் ஃபைல் அரைகுறையாக இறங்கியிருக்கிறது. அதன் பெயரில் உள்ள எம்டி5 என்ற பகுதியை நீக்கிவிட்டால் சோதனை நடக்காது என்று சொல்லித்தருபவர்கள் உண்டு. உடைந்த ஃபைலை டேப்புக்குள் தள்ளும் குறுக்குவழி அது.

பாதியில் கரண்ட் போய்விட்டது, அல்லது யாரோ கேபிளை இழுத்துவிட்டார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் நீலமான திரையில், மென்பொருள் புதுப்பிப்பில் பிழை, ஸ்மார்ட் ஸ்விட்சின் எமர்ஜென்சி ரெக்கவரியைப் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் வரும். பார்த்தவுடன் டேப் செத்தது என்று பலர் மூலையில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் திரையே டவுன்லோட் மோட் போலத்தான் வேலை செய்யும். அப்படியே ஓடினில் இணைத்து முதலில் இருந்து எழுதினால் போதும். திரையே எரியவில்லை, கம்ப்யூட்டரும் அடையாளம் காணவில்லை என்றால் மட்டும் பூட்லோடர் போயிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, போர்டில் நேரடியாக எழுதும் கருவி உள்ள கடைக்குப் போக வேண்டும்.

இன்னொரு வகை உண்டு, குழப்புவதில் இதுதான் முதல். ஓடின் 'பாஸ்' என்கிறது, ஆனால் டேப் பழையபடியே லோகோவில் நிற்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அழித்தது மறுபடி அங்கேயே இருக்கிறது. அல்லது கேபிள், கம்ப்யூட்டர், ஃபைல் மூன்றையும் மாற்றியும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எழுதுவது நிற்கிறது. இஎம்எம்சி என்னும் உள் நினைவகச் சிப் ஆயுள் முடிந்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போயிருக்கிறது. எத்தனை தடவை போட்டாலும் பயனில்லை. சிப் மாற்றும் கூலியை இவ்வளவு பழைய டேப்புக்குக் கொடுப்பது எங்கள் கணக்கில் நஷ்டம்.

எழுந்த பிறகு

முதலில் தேதியைப் பாருங்கள். பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்பில் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். அது சரியாகும் வரை கூகுள் கணக்கில் நுழையவும் முடியாது, தளங்களும் திறக்காது.

டி585க்குச் சாம்சங் கடைசியாகக் கொடுத்தது ஆண்ட்ராய்டு 8.1. ரேம் இரண்டு ஜிபிதான். பாடநூல் பிடிஎஃப், யூடியூப், வீடியோ அழைப்பு இவற்றுக்கு ஓடும். விளையாட்டுகளை எதிர்பார்க்க வேண்டாம். 4.4இல் நின்றுவிட்ட பழைய டேப்புகளுக்கு 2023 முதல் கூகுள் பிளே சேவையின் புதுப்பிப்பு இல்லை. வாட்ஸாப்பும் அதே ஆண்டு அக்டோபரில் 5.0க்குக் கீழ் நின்றுபோனது. அவற்றை மெமரி கார்டில் பாட்டும் படமும் பாடநூலும் போட்டுப் பார்க்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

7.1க்குக் கீழ் உள்ளவற்றில் தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். டேப்பில் உள்ள சான்றிதழ்ப் பட்டியல் பழையதாகிவிட்டதுதான் காரணம். சொந்தப் பட்டியலோடு வரும் ஃபயர்ஃபாக்ஸ் அங்கே கைகொடுக்கும், அந்த ஆண்ட்ராய்டுக்கு ஒத்துப்போகும் பதிப்பு கிடைத்தால்.

இறக்கிய ஃபர்ம்வேரை அழித்துவிடாமல், மாடல் எண்ணும் சிஎஸ்சியும் பெயரில் எழுதி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். டேப்பை வேறு பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால், செட்டிங்ஸில் போய் உங்கள் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, பிறகு ரீசெட் செய்து கொடுங்கள்.